செருப்பில் அடங்காத கால்

டொம்!

மாடியில் எதுவோ விழுந்தது.

ஆலோசகியின் பேனா நின்றது. "மேல யாரு சார்?"

"பூனை மேடம்!" என்றான் மகன். அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் சட்டென்று கூரையைப் பார்த்தார். ஒரே விநாடி. உடனே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

முதியோர் பராமரிப்பு ஆலோசனை மையத்தில் அவளுக்கு இது மூன்றாவது வருடம். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா, பகலுக்கு மட்டும் ஆள் போடுவதா, இல்லத்தில் சேர்ப்பதா... நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த மகனுக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

"இல்லம்தான் மேடம். அப்பாவுக்கு நினைவு சுத்தமா போச்சு. எழுந்து நின்னே ஆறு மாசம் ஆச்சு. ஃபாரத்துல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்."

'சுயமாக முடிவெடுக்க இயலாதவர்.' அந்த வரிக்குக் கீழேதான் அவள் கையெழுத்து. அது விழுந்துவிட்டால் அப்பாவின் வீடு, மருந்து, படுக்கை... எல்லாவற்றுக்கும் மகன் சொல்வதுதான் சட்டம்!

"பகலுக்கு ஒரு ஆள் போட்டுப் பார்த்தீங்களா?"

"எதுக்கு மேடம் வீண் அலைச்சல்?"

அவள் பெரியவரிடம் குனிந்தாள். "ஐயா, உங்க பேரு என்ன?"

"சாயங்காலம்."

"பிள்ளைங்க எத்தனை பேரு?"

"மழை வருது..." சரியான இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் உருண்டது.

அழகான பதில்கள். கொஞ்சம் அதிக அழகு!

அவள் தரையில் மண்டியிட்டாள். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் காலைப் பார்ப்பாள். வயதானவர்களைக் கீழே தள்ளிவிடுவது பெரும்பாலும் செருப்புதான் என்பது அவள் கட்சி.

"இது பழைய செருப்பா சார்?"

"அஞ்சு வருஷமா இதேதான். வேற எதையும் மாட்ட மாட்டார். அவ்வளவு பிடிவாதம்!"

கழற்றினாள். தேய்ந்த உட்புறத்தில் ஐந்து விரல்களும் அச்சாகப் பதிந்திருந்தன. சின்னப் பாதம். மறுபடி மாட்டினாள். பெரியவரின் குதிகால் இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே தொங்கியது.

வயதானால் நினைவு குறையும். பார்வை குறையும். எந்த நோயில் கால் வளரும்?

இவர் அப்பா இல்லை. அப்படியானால் அப்பா...?

டொம்! டொம்!

"பெரிய பூனை போல இருக்கே..." சிரிக்க முயன்றபடி போனை எடுத்தாள். "ஆஃபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்."

மேலாளர் எடுத்தார்.

"மேடம், என் மேஜையில மஞ்சள் ஃபைல் இருக்கா?"

மேலாளரின் குரல் தணிந்தது. "இப்ப போயிருக்கற வீடுதானே?"

"ஆமா மேடம்."

"பேச்சை இழுத்துக்கிட்டே இரு. போலீஸை அனுப்பறேன்."

மையத்தில் மஞ்சள் ஃபைல் என்று ஒன்று கிடையவே கிடையாது. தனியாக வீடுகளுக்குப் போகிறவர்கள் ஆபத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை அது!

"ஒரு கையெழுத்துக்கு எதுக்கு ஃபைல்?" மகனின் குரல் மாறியிருந்தது. வாசற்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். "போட்டுட்டுக் கிளம்புங்க."

"இன்னொரு பிரதியும் வேணும் சார்... கார்பன் பேப்பர் எங்க வெச்சேன்..."

"போடுடி!"

கை ஓங்கினான்.

ஓங்கிய கை கீழே இறங்கவில்லை.

பிடித்திருந்தது பெரியவர்! ஆறு மாதமாக எழுந்தே நிற்காதவர், செருப்பை உதறிவிட்டு ஆறடி உயரத்துக்கு எழுந்து நின்றார்!

"தம்பி, அப்பா வெளியூர் போயிருக்கார், ஒரு மணி நேர வேஷம்னுதானே என்னைக் கூட்டிட்டு வந்தே? மேல இருக்கறது யாருடா?"

"யோவ்! சொன்ன வேலையைப் பாருய்யா, உட்காரு!"

"முப்பது வருஷம் நாடக மேடையில நின்னவன்டா நான். வில்லனா நடிச்சிருக்கேன்... வில்லனுக்கு வேலை பார்த்ததில்ல!"

நடிகர் மகனின் சட்டைப்பையிலிருந்து சாவியை உருவி அவளிடம் வீசினார். மகன் பாய்ந்தான். நடிகரின் கை அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. வெளியே போலீஸ் ஜீப் வந்து நின்றது. அவள் கதவைத் திறந்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அறைக்கதவில் வெளித்தாழ்ப்பாள். இழுத்தாள்.

உள்ளே குள்ளமாக ஒரு பெரியவர். வெறுங்கால். கையில் ஊன்றுகோல்.

"எவ்வளவு நேரம்மா? தரையை இடிச்சு இடிச்சு என் கையே விட்டுப் போச்சு!"

"ஐயா... உங்க பேரு, பிறந்த தேதி ஞாபகம் இருக்கா?"

"என் பேரு என்ன, என் பையன் எந்தெந்த வகுப்புல ஃபெயில்ங்கறது வரைக்கும் ஞாபகம் இருக்கு!"

கீழே மகனின் கையில் விலங்கு ஏறியது. ஜீப் நகர்ந்தது. அவள் ஃபாரத்தை நான்காகக் கிழித்தாள்.

நடிகர் தயங்கினார். இப்போது அவர் குரலில் நடிப்பு இல்லை.

"அம்மா... அந்த இல்லத்துல நிஜமாவே எனக்கு ஒரு இடம் கிடைக்குமா? எனக்குன்னு யாரும் இல்ல."

அவள் புது ஃபாரம் எடுத்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த அப்பாவின் ஊன்றுகோல் நீண்டு அதை மறித்தது.

"இல்லம் எதுக்கு? என் பையன் ரூம் இப்பதான் காலியாச்சு." அப்பா குனிந்து நடிகரின் கால்களை ஏற இறங்கப் பார்த்தார். "செருப்பு மட்டும் சொந்தமா வாங்கிக்கய்யா!"