இரண்டு ஊதாப் புள்ளிகள்

"கண்ணை எங்க வெச்சிக்கிட்டு ஓடி வர்றீங்க?"

ஹாலிஃபாக்ஸ் நகரத்து மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவன் மோதியதில், லோர்னாவின் கோட்டுக்குள் ஏதோ பொத்தென்று உடைந்தது. தொடை வழியே தண்ணீர் வழிந்தது. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது... இந்தப் பாழாய்ப்போன பஸ் எப்போதுதான் வரும்?

அவனுடைய சாம்பல் நிறக் கண்கள் அந்த ஈரத்தைப் பார்த்தன. சிரிக்கவில்லை.

"சோதனைப் பையா? நாளைக்கு ஆபரேஷனா?"

திடுக்கிட்டாள். நாளைக் காலை அவளுடைய கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் எடுக்கப்போகிறார்கள். விட்டால் புற்றுநோய் அவளையே கொண்டுபோய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று என்று வயிற்றில் இரண்டு பைகள். அதற்கு இடம் குறித்து நர்ஸ் இரண்டு ஊதாப் புள்ளி வைத்து, தண்ணீர் ஊற்றிய பைகளை ஒட்டி, "நடந்து பாருங்க" என்றாள். நடந்தவள் நேராக பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டாள்... ஊருக்கு ஓடிவிட.

"எனக்கும் ரெண்டு இருக்கு. மூணு வருஷமாச்சு. பேரு ரெமி. சிங்கி இறால் பிடிக்கிற படகுக்காரன்." குரலைத் தாழ்த்தினான். "புள்ளி வைக்கும்போது வயித்தை எக்கிக்கிட்டீங்களா?"

"ச்சீ!"

முகம் சிவந்தது. எக்கித்தான் இருந்தாள். நாற்பது வயதில் தொப்பையைக் காட்டிக்கொண்டா நிற்பாள்?

"நானும் எக்கினேன். நர்ஸ் அழகா இருந்தாங்க! புள்ளி தப்பான இடத்துல விழுந்துடுச்சு, இப்ப குனிஞ்சு இறால் கூண்டு தூக்கினாலே பை ஒழுகுது. ஆஸ்பத்திரிக்குப் போய் புள்ளியை மாத்தி வைக்கச் சொல்லுங்க."

"போக மாட்டேன். இப்படி ஒருத்தியை யாரு தொடுவா?"

பஸ் வந்து கதவைத் திறந்தது.

"அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல உசுரோட இருங்க... வாங்க, நானும் வர்றேன்."

லோர்னா பிடிவாதக்காரிதான். ஆனாலும் பஸ் அவளை விட்டுவிட்டுத்தான் போயிற்று.

ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள், ஆஸ்பத்திரியில். நோய் மிச்சமில்லை என்று அறிக்கை வந்திருந்தது. தினமும் வந்து சிரிக்கவைத்த ரெமி, இன்று தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"உங்ககிட்ட தைரியம் பேசினேனே... அது எனக்கே கிடையாது. மூணு வருஷமா ஒருத்தர் முன்னாலயும் சட்டையைக் கழட்டினதில்ல." தொப்பியைக் கட்டிலில் வைத்தான். "உன்னைப் பிடிச்சிருக்கு, லோர்னா. பயமாவும் இருக்கு."

அவன் கையை எடுத்து, போர்வைக்குள், புதிய பையின் மேல் மெல்ல வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ரெண்டும்தான், பிடிச்சும் இருக்கு, பயமாவும் இருக்கு... கையை எடுத்துடாத."