மாடியைக் காலி செய்தவர்

மாடி வீட்டுச் சாவியைத் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு, தரகர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வெளியே சுள்ளென்று மத்தியான வெயில்.

"புதுசா குடிவந்த இவங்களும் போயிட்டாங்கம்மா. சாமானை எடுக்கக்கூட மேல வர மாட்டாங்களாம். ஆளு விட்டு இறக்குங்கன்னு ஒரே பிடிவாதம்."

வீட்டுக்காரம்மா மெஷினை நிறுத்தினாள். முன்னறையில் தையல், பின்னால் ஒரு படுக்கையறை, அதை ஒட்டி அடுப்படி. அவ்வளவுதான் அவள் உலகம். மாடியை வாடகைக்கு விட்டிருந்தாள். அங்கே பல வருஷம் இருந்தவரைத் தெருவே 'வம்பு சார்' என்றுதான் கூப்பிடும். குழாயைத் திறந்தாலும் சண்டை, மூடினாலும் சண்டை. படியில் யார் செருப்பைக் கண்டாலும் தூக்கித் தெருவில் வீசுவார். காலி பண்ணுங்க என்றால், "முடிஞ்சா பண்ணிப் பாரு" என்று கதவைச் சாத்துவார். கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்தாள். கேஸ் முடிவதற்குள் ஆளே ஆஸ்பத்திரியில் முடிந்துபோனார். சொந்தக்காரர்கள் வந்து சாமானை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பாடா, ஒழிந்தது என்று வீட்டுக்காரம்மா பெருமூச்சு விட்டாள்.

ஒழியவில்லை.

அதற்குப்பின் குடிவந்தவர்கள் ஒருத்தரும் நிலைக்கவில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போதே குழாய் தானாக மூடிக்கொள்ளும். செருப்பெல்லாம் தெருவில் கிடக்கும். மூடிக்கிடக்கும் உள்ளறையிலிருந்து, அவர் மூட்டுவலிக்குப் பூசிக்கொள்ளும் தைலத்தின் வாடை கிளம்பி வரும். குரலை உயர்த்திப் பேசினால் யாரோ தொண்டையைச் செருமுவார்கள்.

"வாடகை வராட்டிப் போகட்டும் தரகரே. என் தங்கச்சி வர்றா. புருஷன் வீட்டுல கதவச் சாத்திட்டாங்க. கூட ஒரு சின்னப் பொண்ணு வேற. எங்கம்மா போனதுலேர்ந்து தங்கச்சிய நான்தான் தூக்கி வளர்த்தேன். அவளுக்கு இந்த மாடிய விட்டா வேற நாதி இல்ல."

தரகர் வாழ்நாள் பூராவும் ஆட்களைக் குடியேற்றியவர், கிளப்பியவர். கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

"சிரிக்காதீங்கம்மா. ஆள் போயிட்டாருன்னு நாமளே சாவிய எடுத்துக்கிட்டோம். காலி பண்ணுங்கன்னு கடைசியா அவர்கிட்ட யாரு சொன்னா? உயிரோட இருக்கறவங்ககிட்ட எப்படிச் சொல்வோமோ அப்படியே சொல்லிப் பாருங்க. சத்தம் போடக் கூடாது. தண்ணிய நிறுத்தறது, பூட்ட மாத்தறது எதுவும் வேணாம், அது சட்டத்துக்கும் ஆகாது. காரணத்தச் சொல்லுங்க, கெடு சொல்லுங்க. போக இடமில்லன்னு இழுத்தா, நானே பாத்துத் தர்றேன்னு சொல்லிடுங்க."

"நான் எங்கேர்ந்து பாத்துத் தர்றது?"

"அட, எல்லா வீட்டுக்காரங்களும் சொல்றதுதாம்மா. யாரு பாத்துத் தந்திருக்கா? ஆள் கிளம்பறதுக்கு ஒரு பேச்சு."

வெயில் இறங்குவதற்குள் அவள் மாடிக்குப் போனாள். கூடத்தில் வெளிச்சம் இருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தைல வாடை மூக்கைக் குத்தியது. குரலைத் தணித்தே பேசினாள்.

"சார், நான்தான். மாடி எங்க சொந்த உபயோகத்துக்கு வேணும். என் தங்கச்சியும் அவ பொண்ணும் வர்றாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க."

கதவுக்கு அப்பால் மூச்சு வாங்கும் சத்தம். மெதுவாக, வயசானவர் படியேறி வந்ததுபோல.

பயத்தில் வாய் தானாக முந்திக்கொண்டது. "போக இடமில்லன்னா, நானே பாத்துத் தர்றேன் சார்."

மூச்சுச் சத்தம் நின்றது.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு விரல் அளவு திறந்து, அப்படியே நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தாள். கீழே வந்துதான் அழுதாள்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, தரகர் சொன்னது பலித்தது. மறுநாளிலிருந்து மாடியில் மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. பெட்டியை இழுப்பதும், கயிற்றை இறுக்குவதும், அலமாரியைத் திறந்து மூடுவதும். மேலே ஒரு துரும்புகூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சந்தோஷம் தாங்கவில்லை. வம்பு சார் கிளம்புகிறார்! தங்கைக்குப் போன் போட்டு, புறப்பட்டு வாடி என்றாள்.

கெடு முடிந்த அன்று காலையில் காலடி படியிறங்கி முற்றத்துக்கு வந்தது. வெளிக்கதவுக்குப் போகும் என்று மெஷினைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

போகவில்லை. முன்னறை வாசலில் வந்து நின்றது.

டொக், டொக் என்று கதவு தட்டும் சத்தம்.

அவள் கதவைத் திறக்கவில்லை. மறுபடி தட்டியது. கோபமாக இல்லை, பொறுமையாகத்தான் தட்டியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆள் கிளம்பிவிட்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார்.

பாழாய்ப்போன வாய்! அதை ஏன் திறந்தாள்?

தட்டுவது நின்று, காலடி திரும்பவும் மேலே ஏறியபோது தெருவில் வண்டி வந்து நின்றது. தங்கை இறங்கினாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, இரண்டே பைகளோடு. அக்காவைக் கட்டிக்கொண்டு, "எனக்கு யாருமில்லக்கா" என்று விம்மினாள்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்? வாயக் கழுவுடி" என்று அதட்டிவிட்டு வீட்டுக்காரம்மாவும் அழுதாள்.

அதற்குள் குழந்தை பாதிப் படி ஏறிவிட்டது. ஏறிய வேகத்தில் அங்கேயே நின்று, அண்ணாந்து பார்த்தது.

"பெரியம்மா, அங்க ஒரு தாத்தா பெட்டி மேல உக்காந்திருக்காரு."

தங்கை சிரித்தாள். "யாருக்கா அது? சாமான் ஏத்தற ஆளா?"

"அவருக்கு எங்க போறதுன்னு தெரியலயாம்" என்றது குழந்தை. "நாம எல்லாரும் ஒண்ணாவே இருந்துக்கலாமான்னு கேக்கறாரு."

வீட்டுக்காரம்மா ஓடிப்போய்க் குழந்தையை வாரியெடுத்து, தங்கையின் இடுப்பில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் முற்றத்துல நில்லுங்க. நான் கூப்பிடறவரைக்கும் அசையக் கூடாது."

இன்னொரு வீடு பார்க்க நேரமில்லை. பார்த்தாலும் எந்த வீட்டுக்காரர் இவரை ஏற்பார்? தங்கைக்குப் போக இடமில்லை. இவருக்கும் போக இடமில்லை. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஓர் அறை. படியேறும்போதே அவள் தீர்மானித்துவிட்டாள்.

"சார், எடம் பாத்துட்டேன். கீழ என் ரூம் இருக்கு. அத எடுத்துக்கோங்க. ஆனா, இந்தப் படியில இனிமே நீங்க கால் வைக்கக் கூடாது. அந்தக் குழந்தைகிட்ட பேசக் கூடாது."

பிறகு ஜில்லென்று ஏதோ அவள் தோளை உரசிக்கொண்டு போனது. படிகள் ஒவ்வொன்றாக முனகின, கனத்த பெட்டியை யாரோ இறக்குவதுபோல. முற்றத்தில் அம்மாவின் இடுப்பிலிருந்த குழந்தை, யாருக்கோ வழிவிடச் சொல்லி அம்மாவின் தோளை ஓரமாகத் தள்ளியது.

மாடியில் தைல வாடை அடியோடு போய்விட்டிருந்தது. ஜன்னலைத் திறந்ததும் காற்று தாராளமாக வந்தது. தங்கை வெறுந்தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "எவ்வளவு நிம்மதியா இருக்குக்கா" என்றாள். எத்தனையோ நாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது. அது போதும் என்று வீட்டுக்காரம்மா நினைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கீழே வந்தாள். இனி முன்னறையில் மெஷினுக்குப் பக்கத்தில்தான் படுக்கை. பாயை விரித்தாள். தலையணை உள்ளே இருந்தது.

படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

அவள் பிறந்த நாளிலிருந்து அந்தக் கதவைத் தட்டியதில்லை. இப்போது தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

மேலே குழந்தை ஓடும் சத்தமும் தங்கை துரத்திச் சிரிக்கும் சத்தமும் கேட்டன. அவர்கள் காதில் விழாதபடி வீட்டுக்காரம்மா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான்தாங்க. தலகாணி மட்டும் எடுத்துக்கறேன்."

கதவு கொஞ்சமாகத் திறந்தது. இருட்டிலிருந்து தலையணை வெளியே நீண்டது. நீட்டிய கையை அவள் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டதும் கதவு சாத்திக்கொண்டது.

தலையணையின் நடுவே ஒரு தலை அழுந்திய பள்ளம். தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது.