அளவு நாடாவின் மற்ற நுனி

"உங்களைத்தான்! சும்மா நிக்கிற நேரம் இதைக் கொஞ்சம் பிடியுங்கோவன்."

உடையார்கட்டுச் சந்தியில், தூறலில் நனைந்தபடி அளவு நாடாவை நீட்டினாள் ஒருத்தி. டிலக்ஸன் நிமிர்ந்தான். அம்மாடி... என்ன கண்கள்! அதட்டுகிற கண்களுக்குள்ளேயே ஒரு சிரிப்பு...

"ரோட்டை என்னத்துக்கு அளக்கிறியள்?"

"நான் சுரேகா, இன்சூரன்ஸில இருந்து. போன கிழமை முத்துலிங்கம் ஐயாவை ஒரு மோட்டார்சைக்கிள் அடிச்சதெல்லோ? அது ரோட்டில இந்தக் கோட்டில இருந்து அந்தக் கோட்டுக்குப் போக எத்தினை செக்கன் எடுத்ததெண்டு கடைக் கமராவில கிடக்கு. தூரமும் தெரிஞ்சா வேகம் பிடிபட்டிடும். அதை ஓடினவர் மெல்லத்தான் வந்தவராம்... பாப்பம்!"

டிலக்ஸன் நாடாவின் நுனியை வாங்கினான். ஓட்டியவன் அவனேதான். பொலிசில் அந்தப் பொய்யைச் சொன்னவனும் அவன்தான். தூரம் குறைந்தால் வேகமும் குறையும்... பழி ரோட்டைக் கடந்த கிழவர் தலையில் விழும். அவன் கை நாடாவைக் கோட்டில் வைக்கவில்லை. இரண்டடி உள்ளே வைத்து அழுத்தியது. சீ, நானும் ஒரு மனிசனா?

"நல்லாப் பிடிக்கிறியள்! சம்பளம் இல்லை, பிளேன்ரீ வாங்கித் தாறன்" என்று அவள் சிரித்தாள். அந்தத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு நழுவினான்.

மறுநாள் கிளிநொச்சியில் அவளுடைய இன்சூரன்ஸ் கந்தோர் வாசலில் போய் நின்றான்.

"ஓ, நாடா பிடிச்சவர்! ஒரு பிளேன்ரீ காணாதோ, இன்னொண்டு வேணுமோ?"

"மோட்டார்சைக்கிள் ஓடினது நான்தான். வேகமாத்தான் வந்தனான். நாடாவையும் கோட்டுக்கு உள்ளுக்குத்தான் பிடிச்சனான்."

சுரேகாவின் முகம் மாறியது. "வெக்கமா இல்லையோ உங்களுக்கு?"

"செத்திடலாம் போல கிடக்கு."

"எனக்கேன் சொல்லுறியள்? கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கிற மனிசனுக்கெல்லோ சொல்லோணும்!"

"அங்க போயிட்டுத்தான் வாறன். கையைப் பிடிச்சு அழுதன்... ஐயா முகத்தைத் திருப்பிட்டார். இனிப் பொலிசுக்கும் போறன். நேற்று நீங்கள் என்னை நம்பிச் சிரிச்சனீங்கள். அதுக்குப் பிறகு பொய்யோட இருக்க ஏலேல்லை. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... சொல்லத்தான் எனக்கு முகமில்லை."

அவள் நேற்றைய அளவுத் தாளை எடுத்துக் கிழித்தாள். அவளுக்குக் கோபம்தான்... பிறகேன் கண் கலங்குகிறது?

"திருப்பி அளந்து உள்ளதைத்தான் எழுதுவன். லைசன்ஸ் போகும்."

"எழுதுங்கோ."

"போனாலும்... உடையார்கட்டில இருந்து இஞ்ச பஸ் ஓடுதுதானே?" அவள் பார்வை தாழ்ந்தது. "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. ஐயாவைப் பாக்க ரெண்டு பேருமாப் போவம். அவர் முகத்தைத் திருப்பினாலும்... போவம்."