அரிக்குதுக்கா...!

ட்ர்ரிங்... ட்ர்ரிங்...

பல் ஆஸ்பத்திரி போன் அலறியது.

திண்டிவனம். 1997, ஆகஸ்ட். மதியம் மூன்று மணி. நர்ஸ் கிளாரா ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ, டென்டல் கிளினிக்..."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, மெல்லிய பெண் குரல்.

"அக்கா... அரிக்குதுக்கா..."

ரிசீவர் கை நழுவி விழுந்தது. இந்த வாரத்தில் மூன்றாவது முறை!

அந்தக் குரல் பானுப்ரியாவுடையது. ஒலக்கூர்க்காரி. வயது இருபத்து நான்கு.

அவள் செத்து ஐந்து மாதம் ஆகிறது!

*

"என்னை அரெஸ்ட் பண்ணுங்க சார்."

இன்ஸ்பெக்டர் சவுரிராயன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பதினெட்டு வருட சர்வீஸில் இப்படிக் கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான்.

"இன்னாம்மா பண்ணே?"

"கொலை."

"மொதல்ல ஒக்காரு."

கிளாரா உட்கார்ந்தாள்.

"மார்ச் மாசம் சார். பானுப்ரியான்னு ஒரு பொண்ணு கடவாப்பல்லு புடுங்க வந்துச்சு. கூட அது புருஷன் ரஞ்சித்து. எந்த ஊசியாவது ஒத்துக்காதான்னு கேட்டு கார்டுல எழுதறது என் வேலை. நான் புருஷனைக் கேட்டேன். 'அதெல்லாம் ஒண்ணும் கெடையாது'ன்னாரு. எழுதிட்டேன். அந்தப் பொண்ணு கன்னம் வீங்கி, முந்தானையால வாயைப் பொத்திக்கினு ஒக்காந்திருந்துச்சு. அதை ஒரு வார்த்தை கேக்கல சார்!"

"அப்பால?"

"டாக்டர் மரத்துப்போற ஊசி போட்டாரு. பதினொண்ணே கால் மணி. பத்து நிமிஷத்துல கழுத்து, கையெல்லாம் செவசெவன்னு தடிப்பு! 'அக்கா, அரிக்குதுக்கா'ன்னு என் கையைப் புடிச்சுக்கிச்சு. டாக்டர் பல்லைத் தொடவே இல்ல. மாத்து ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் படுக்க வெச்சாரு. தடிப்பு அடங்கிடுச்சு."

"அப்போ இன்னா பிரச்சினை?"

"இது திரும்ப வரும் சார். வந்தா மூச்சை அடைக்கும். 'மறுபடி தடிச்சா ஜல்தியா இட்டுக்கினு வாங்க'ன்னு புருஷன்கிட்ட சொல்லித்தான் அனுப்பினோம். மூணாம் நாளு பஸ் ஸ்டாண்டு சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டரு... அதே மூஞ்சி சார்!"

"போஸ்ட்மார்ட்டம்?"

"பண்ணல. அம்மை வந்து செத்துட்டதா சொல்லி எடுத்துட்டாங்களாம். எங்க டாக்டர் 'வாயை மூடிக்கினு இரு'ன்னாரு. மூடிக்கினேன். இப்போ அதுவே போன்ல கூப்புடுது..."

கிளாரா முகத்தை மூடிக்கொண்டாள். ஐந்து மாதமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. பூசைக்குப் போனாலும் முன்னால் நிற்பவளின் கழுத்தில் தடிப்பு இருக்கிறதா என்றே கண் தேடியது. ஒரு கேள்வியை ஆள் மாற்றிக் கேட்டதால் ஒரு உயிர் போய்விட்டது... இந்த எண்ணம் அவளை அணு அணுவாகக் கொன்றது.

சவுரிராயன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பேசினார். அடுத்த அழைப்பு வரட்டும் என்று காத்திருந்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு வந்தது. கால் மணி நேரத்தில் தகவலும் வந்தது.

"ஒலக்கூர் கடைத்தெரு, காயின் பாக்ஸ்! பேய் ஒரு ரூவா காசு போட்டுப் பேசுதும்மா. வா, பாத்துட்டு வருவோம்!"

*

பெட்டிக்கடைக்காரர் கண்ணையன் கை காட்டினார்.

"தெனம் மூணு மணிக்கு வர்றது அதோ அந்தப் பொண்ணுதான் சார்."

இடுப்பில் ஒரு குழந்தையோடு அவள் திரும்பினாள். ஜீப்பில் இருந்த கிளாராவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

அதே நெற்றி! அதே மூக்கு!

"நீ... யாரு?"

"அஞ்சலாட்சி. பானு அக்காவோட கூடப்பொறந்தவ."

"எதுக்கும்மா இந்த வெளையாட்டு?" என்றார் சவுரிராயன்.

"வெளையாட்டா சார்? வர்ற வெள்ளிக்கெழமை எனக்கும் ரஞ்சித்து மாமாவுக்கும் கல்யாணம். கொழந்தைக்காவ ஒத்துக்கினேன். அக்கா சீலையை மடிக்கறப்போ இந்தக் கார்டு விழுந்துச்சு. பல் ஆஸ்பத்திரி. தேதி, அக்கா செத்த அதே தேதி! மாமா இதைப் பத்தி வாயே தொறக்கல. நான் வல்லத்துலேர்ந்து வந்து சேர்றப்போ அக்காவுக்குப் பேச்சு நிக்கற நேரம். 'அரிக்குதுடி'ன்னுச்சு. அதான் கடைசி. தாலி ஏர்றதுக்குள்ள எனக்கு நெசம் தெரிஞ்சாவணும். அதான் அக்கா மாதிரி பேசினேன். தப்பு பண்ணவங்க பயந்து வெளிய வருவாங்கன்னு..."

"வந்துட்டேன்மா," என்றாள் கிளாரா.

சவுரிராயன் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார்.

"ரெண்டு பேரும் ஜீப்பிலேயே இருங்க."

*

ரஞ்சித் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது.

"மொத சம்சாரம் எப்படிய்யா செத்தாங்க?"

"அம்மை சார்." ரஞ்சித் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "காலைல ஒம்போது மணிக்கே ஒடம்பு பூரா தடிச்சுடுச்சு. ஒடனே நான்தான் வாசல்ல வேப்பிலை கட்டினேன். பத்து மணிக்குத் தபால் குடுக்க வந்த மாரியப்பன் கூட வேப்பிலையைப் பாத்துட்டு வாசலோட திரும்பிட்டாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போவல?"

"அம்மா வந்த ஒடம்புக்கு ஊசி போடக்கூடாது சார். தெய்வக் குத்தம். ஒலக்கூரைத் தாண்டி எங்கியும் போவல."

"ரொம்ப பக்திய்யா உனக்கு!"

சவுரிராயன் கார்டை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"ஒம்போது மணிக்கு அம்மா வந்த ஒடம்புக்கு... பதினொண்ணே காலுக்குத் திண்டிவனத்துல எதுக்குடா ஊசி?!"

ரஞ்சித்தின் முகம் வெளுத்தது.

"அது... அது எங்களுது இல்ல சார்..."

"என்னை ஞாபகம் இருக்குதுங்களா?"

கிளாரா ஜீப்பிலிருந்து இறங்கி வந்தாள். "என்கிட்டதான சொன்னீங்க... எந்த ஊசியும் ஒத்துக்கும்னு?"

அஞ்சலாட்சி குழந்தையோடு பாய்ந்து வந்தாள்.

"பாவி! இந்தக் கொழந்தை பொறந்தப்போ விழுப்புரத்துல தையல் போட இதே மரத்துப்போற ஊசிதான போட்டாங்க? அப்பவும் அக்காவுக்குத் தடிச்சுதுன்னு எங்க அம்மா சொன்னாங்களே! இனிமே அது ஆவாதுன்னு டாக்டரு உங்கிட்டதான சொல்லி அனுப்பினாரு!"

"உனக்காவத்தான் அஞ்சலாட்சி..." ரஞ்சித் முனகினான். "உன்னைக் கட்டிக்கத்தான்..."

அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அந்தக் கைதான் அவளுக்குத் தாலி கட்ட இருந்தது.

"வேப்பிலையைப் பாத்தா ஒருத்தனும் உள்ள வரமாட்டான், ஆஸ்பத்திரின்னு வாயெடுக்க மாட்டான்னு மொதல்லயே கட்டிட்டுக் கெளம்பியிருக்கான்," என்றார் சவுரிராயன். "தடிப்பு வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே!"

"கார்டுல எழுதினது என் கைதான சார்?" என்றாள் கிளாரா.

"பொய் சொன்னது அவன் வாய்ம்மா."

கிளாரா அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். ஐந்து மாதத்துக்கும் சேர்த்து அழுதாள்.

ரஞ்சித் கை கூப்பினான்.

"சார்... பத்திரிக்கை குடுத்தாச்சு... வெள்ளிக்கெழமை முகூர்த்தம்..."

சவுரிராயன் விலங்கை எடுத்து அவன் மணிக்கட்டில் மாட்டினார்.

"முகூர்த்தத்தை ஏன் தள்ளிப் போடணும் மாப்ளே? காப்பு இப்பவே கட்டியாச்சு... நேரா மாமியார் வீடுதான்!"