உச்சி வெயிலில் இறங்கும் சுவிட்சு

மூன்றாவது தடவையாகக் கீரமங்கலத்துத் தோட்டத்துக்கு வந்து சேரும்போதே பங்கிராஸுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. சோலார் மோட்டார் மெக்கானிக்காகப் பத்து வருடம் குப்பை கொட்டியவன் அவன். கரண்டு மிஞ்சினால் தானாக இறங்கி மோட்டாரைக் காக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற ஓர் எம்சிபி சுவிட்சு அவனைப் பாடாய்ப் படுத்தியது. காலையெல்லாம் மோட்டார் ஒழுங்காக ஓடும். தண்ணீர் பொங்கி வரவேண்டிய உச்சி வெயிலில் எம்சிபி இறங்கிவிடும். அதற்கப்புறம் எத்தனை முறை தூக்கிவிட்டாலும் நிற்காது.

செல்வராணி வரப்பில் காத்திருந்தாள். ஒன்றரை ஏக்கர் சம்பங்கி வாடிக் கிடந்தது. புருஷன் போன பிறகு அவளுக்கிருந்த ஒரே பிழைப்பு அது.

"இன்னும் ரெண்டு நாளு தண்ணி பாயலைன்னா கெழங்கும் செத்துரும் தம்பி," என்றாள்.

அவள் புருஷன் வீரய்யா போன சித்திரையில் இந்த மோட்டாரின் சுவிட்சுப் பெட்டியடியில்தான் செத்துக் கிடந்தான். கரண்டு விஷயத்தில் அஜாக்கிரதை என்று ஊரே சொன்னது. அவளும் நம்பினாள். பங்கிராஸுக்கு மட்டும் உண்மை தெரியும். கடையில் சோலாருக்கான டிசி எம்சிபி கிடைக்காத ஒரு நாள், வீட்டுக்குப் போடும் ஏசி எம்சிபியை மாட்டிவைத்தவன் அவன்தான். இரண்டு நாளில் மாற்றலாம் என்றிருந்து மறந்தே போனான். சோலார் கரண்டில் அந்தச் சுவிட்சை இறக்கினால் உள்ளே எழும் பொறி அணையாது, நின்று எரியும். வீரய்யா இறக்கியிருக்கிறான். சேதி கேட்டு ஓடிவந்து, போலீஸ் வருமுன் எரிந்த எம்சிபியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டவனும் பங்கிராஸ்தான்.

இப்போது சரியான டிசி எம்சிபிதான் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தான். வயர் சரி, பேனல் சரி, மோட்டார் சரி. இல்லாத கோளாறைத் தேடித் தேடி அவனுக்கு வெறுத்துப் போயிற்று.

பன்னிரண்டே காலுக்குக் காற்று நின்றது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. எம்சிபியைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

கரண்டு மிஞ்சி டிரிப் ஆனால் எம்சிபி 'டக்'கென்று விழும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

இது விழவில்லை.

மெதுவாக இறங்கியது, யாரோ விரல் வைத்து அமுக்குவதுபோல.

பங்கிராஸ் கட்டைவிரலால் அடியில் முட்டுக் கொடுத்தான். மேலிருந்து ஒரு விரல் அவன் விரலைத் தொட்டு அழுத்தியது.

சூடான, தோல் உரிந்த விரல்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பயம் அப்படியே கோபமாகத் திரும்பியது. சுவிட்சு இருந்தால்தானே இறக்குவாய் என்று முனகியபடி, பேனல் கனெக்டரைக் கழற்றி, எம்சிபியைப் பிடுங்கி எறிந்தான். இரண்டு பக்கத்து வயரையும் நேராக முறுக்கி டேப் சுற்றினான். கனெக்டரை மாட்டியதும் மோட்டார் ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துச் செல்வராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவசரத்துக்கு ஆஃப் பண்ணணும்னா என்னங்க தம்பி பண்றது?"

"பண்ண வேணாங்க்கா. பொழுது சாஞ்சா தானா நின்னுரும்."

அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான். தென்னந்தோப்பைத் தாண்டியதும் வண்டி நின்றது. சாவி ஆஃபில் இருந்தது. திருப்பி ஸ்டார்ட் பண்ணினான். பத்தடி போவதற்குள் மறுபடி நின்றது. மூன்றாவது முறை சாவியின் மேலேயே கண் வைத்து ஓட்டினான்.

சாவி மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

பங்கிராஸ் வண்டியை நிறுத்திக் காலூன்றினான். சொன்னால் ஜெயில்தான். சொல்லாவிட்டால், ஆஃப் பண்ண சுவிட்சே இல்லாத அந்தப் பெட்டியடியில் அடுத்துச் சாகப்போகிறவள் செல்வராணி. வண்டியைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினான்.

"வயரைப் பிரிச்சிடுறேன் வீரய்யா," என்று கிசுகிசுத்தான். "அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

இந்த முறை சாவி அசையவில்லை.

வண்டியின் பின்பக்கம், ஓர் ஆள் ஏறி உட்கார்ந்த கனத்தில் தாழ்ந்தது.