கடைசி டேக்

பின்னால் நடந்துபோன ஆளுக்கு மட்டும் வேகம் குறையவில்லை.

கட்டிங் மாஸ்டர் படத்தை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, மறுபடி ஓடவிட்டார். காலியான ஒரு குடோன். கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் ஒரு பட்டையாகச் சுவரில் விழுந்து கிடக்கிறது. நடுவில் ஒரு பெண் பாடுகிறாள். அவள் கூந்தல் தண்ணீருக்குள் கிடப்பதுபோல மெல்ல எழும்பி, மெல்ல விழுகிறது. காலடியில் கிளம்பிய சிமென்ட் தூசி இறங்க மனமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. உதடுகள் மட்டும் பாட்டோடு ஏறக்குறைய ஒட்டிப் போகின்றன.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாடுகிறவளையும் அதே வேகத்தில் வாயசைக்கச் சொல்லிப் படம் பிடித்து, பிறகு அந்தப் படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால், உதடு பாட்டோடு சேர்ந்துகொள்ளும். உலகம் மட்டும் மெதுவாகிவிடும். இறக்கும்போது படச் சட்டத்துக்குள் இருக்கிற எல்லாமும் சேர்ந்துதான் இறங்கும். துணி, தூசி, பறக்கிற ஈ, எதற்கும் விதிவிலக்கு கிடையாது. அப்படியிருக்க, பின்சுவரை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் கடைத்தெருவில் போவதுபோலச் சாதாரணமாக நடந்து போனது. அப்படியென்றால் எடுத்த நேரத்தில் அது என்ன வேகத்தில் போயிருக்கும்?

ஓடியிருப்பான் எவனாவது, என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அது ஓட்டம் இல்லை. ஓடுகிற காலுக்கும் நடக்கிற காலுக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? ஊரார் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டியே முதுகு கூனிப்போனவர். குதிகால் பதிந்து, விரல் எழும்பி, கை வீசி, நிதானமான நடைதான் அது.

மதிப்பெண் தாளில் எழுதினார்: ‘சட்டத்துக்குள் வெளியாள். கவனக்குறைவு.’

எழுதியபோது ஒரு சின்னத் திருப்தி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊரில் உள்ள ஒரு திரைப்படக் கல்லூரியில் வருடா வருடம் மாணவர்களின் பாட்டு வீடியோவுக்கும், அதற்கான போஸ்டருக்கும், ஆல்பம் அட்டைக்கும் மதிப்பெண் போட அவரைக் கூப்பிடுவார்கள். மரியாதைக்காக அல்ல. படித்தவர்களுக்குப் பொறுமை கிடையாது. இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைசி வரை பார்ப்பார். அவருடைய அப்பா மூட்டை தூக்கியவர். அவரும் மீசை முளைக்கும் முன்பே தூக்கியவர். லாரி கிளம்புவதற்குள் இறக்கி முடிக்காதவனுக்கு மறுநாள் வேலை இல்லை என்ற உலகத்தில் வளர்ந்தவருக்கு, மெதுவாக அசைகிற எதைக் கண்டாலும் வயிறு எரியும். மெதுவாக ஓடுகிற படம் உட்பட.

இந்த முறை எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. பாடுகிற பெண் அவருடைய மகள்.

வேறொரு கல்லூரியில் கணக்கு படிக்கிறவள். தோழர்களுக்காக நடித்துக் கொடுத்திருக்கிறாள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல். அதிலும் அவருடைய பழைய கோடு போட்ட சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டு. நீளமான கைகள் விரல்களை மூடித் தொங்குகின்றன. சொந்த மகள் இருக்கும் வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவதுதான் நியாயம். அனுப்பவில்லை. எத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும் என்ற வீம்பு.

ஆமை என்றுதான் அவளைக் கூப்பிடுவார். பிறந்தது முதல் மெதுவானவள். ஒரு தோசையை ஊரே தூங்கும் வரை தின்பாள். செருப்பு மாட்டுவதற்குள் பஸ் போய்விடும். அவர் கத்தாத நாளில்லை. போன வாரம் ‘பரீட்சைக்குப் படிக்கிறேன்’ என்று தோழி வீட்டுக்குப் போய்த் திரும்பியவள் தலைகீழாக மாறியிருந்தாள். எழுந்து பார்த்தால் வாசல் பெருக்கியிருக்கும், துணி மடித்திருக்கும், பாத்திரம் கவிழ்த்திருக்கும். கேட்டால் ஒரே சொல்: “ஆச்சுப்பா.” வாழ்க்கையில் முதல்முறையாக, போன ஞாயிறு, மகளை அவர் பாராட்டினார்.

இப்போதும் சமையலறையில் அவள்தான். வெங்காயம் நறுக்கும் சத்தம் தகரத்தில் மழை விழுவதுபோல இடைவெளியில்லாமல் கேட்டது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் கம்பிகளில் மங்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. துணிக்கடையிலிருந்து மனைவி.

“டீ குடிச்சீங்களா?”

“உன் பொண்ணு சினிமாவுல நடிச்சிருக்கா. தெரியுமா உனக்கு?”

“பாட்டுக்குத்தான, தெரியும். உங்ககிட்ட சொன்னா தைய தக்கான்னு குதிப்பீங்க, அதான் சொல்லல. விடுங்களேன். இப்பதான் வீட்டு வேலையெல்லாம் பம்பரமா செய்யறா. என் கண்ணே பட்டுடும் போல இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஏங்க, ஒண்ணு சொல்லணும். நேத்து பக்கத்துல படுத்திருந்தேன். அவ மூச்சு நாய்க்குட்டி மூச்சு மாதிரி படபடன்னு அடிக்குது. தொட்டா ஜுரமும் இல்ல. டாக்டர்கிட்ட காட்டலாமா?”

“இத்தனை வருஷம் தூங்கினவ இப்ப வேலை செய்யறா. மூச்சு வாங்கத்தான் செய்யும்.”

“உங்ககிட்ட சொன்னேன் பாரு. வைக்கிறேன், கஸ்டமர்.”

அவர் போஸ்டரை எடுத்து விரித்தார். மகள் நடுவில் நிற்கிறாள். முகப்பவுடர் வியர்வையில் கரைந்திருக்கிறது, கண்களில் அழுகைக்கு முந்தைய சிவப்பு. அவள் தோளுக்குப் பின்னால் இன்னொரு தோள். அதே கோடு போட்ட சட்டை. கை மட்டும் முழங்கை வரை ஒழுங்காக மடித்துவிடப்பட்டிருந்தது. ஒரே சட்டைதானே இருந்தது?

ஆல்பம் அட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். முன்பக்கம் மகளின் முகம், மிக நெருக்கத்தில், வியர்வையே இல்லாமல், சிரித்தபடி. மதிப்பெண் தாளில் ஒரு கேள்வி உண்டு: வீடியோ, போஸ்டர், அட்டை மூன்றிலும் நாயகியின் தோற்றம் ஒத்துப்போகிறதா? பேனாவை வைத்தார். ‘இல்லை’ என்று எழுதினார். எழுதிய பிறகு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற மகளின் முகம். ஏன் இல்லை? மூக்கு அதே மூக்கு. நெற்றித் தழும்பு அதே தழும்பு.

சமையலறையில் குழாய் திறந்து மூடியது. திறந்து மூடியது.

பாட்டில் முதலில் வருவது முதலில் எடுத்ததாக இருக்காது. எதை எப்போது எடுத்தார்கள் என்பதை வெட்டுகிறவன் கண்டுபிடித்துவிடுவான். சுவரில் வெயில் பட்டை எங்கே இருக்கிறது, பவுடர் எவ்வளவு கரைந்திருக்கிறது, சட்டை எவ்வளவு நனைந்திருக்கிறது. அவர் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, எடுத்த வரிசையில் அடுக்கினார். பாட்டு சிதறிப்போனது. சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டார்.

முதல் ஷாட்டில் அந்த உருவம் பின்சுவரை ஒட்டி நடந்தது. அடுத்ததில் பாதி தூரம் வந்திருந்தது, கூந்தல் தெரிந்தது. அதற்கடுத்ததில் சட்டையின் கோடுகள். மகள் ஒவ்வொரு ஷாட்டிலும் களைத்துக்கொண்டே போனாள். உதடுகள் பாட்டுக்குப் பின்தங்கின. மெதுவானவளை இரண்டு மடங்கு வேகத்தில் பாடச் சொன்னால் என்ன செய்வாள் பாவம்? ஒரு ஷாட்டில் அவள் கேமராவுக்கு வெளியே யாரையோ பார்த்து ஏதோ கெஞ்சினாள். பின்னால் நின்ற உருவம் அவள் காதருகில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு கடைசி டேக்.

அதில் உதடுகள் பாட்டோடு அச்சாகப் பொருந்தின. ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. தூசி மிதந்தது. கூந்தல் மிதக்கவில்லை. தலையைத் திருப்பினாள், கூந்தல் சாதாரணமாகத் திரும்பித் தோளில் விழுந்தது. சட்டைக் கைகள் முழங்கை வரை மடித்துவிடப்பட்டிருந்தன.

பின்சுவரருகே யாரோ ஒருத்தி நின்றாள்.

அசையாமல். சட்டைக் கைகள் விரல்களை மூடித் தொங்கின. ஒரு கை பாதி தூக்கியபடி. துணிக்கடை பொம்மையை நிறுத்தி வைத்திருக்கிறார்களோ? பெரிதாக்கிப் பார்த்தார். ஷாட்டின் தொடக்கத்தில் முகவாய் எங்கே இருந்தது, முடிவில் எங்கே இருக்கிறது. ஒரு நூலளவு வித்தியாசம்.

பொம்மை இல்லை.

வேகத்தை ஏற்றினார். இரண்டு மடங்கு. பத்து மடங்கு. மென்பொருள் போகிற எல்லை வரை. முன்னால் பாடியவள் வெறும் கோடாகிப் போனாள். பின்னால் இருந்தவள் அசைந்தாள். கை கேமராவை நோக்கி நீண்டது. வாய் திறந்தது. பிறகு உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டின.

அங்கே ஷாட் முடிந்துவிட்டது.

சத்தம் பதியாத கல்யாணங்களில் உதட்டை வைத்தே வார்த்தையைக் கண்டுபிடித்தவர் அவர். இதற்கு அந்தத் திறமைகூடத் தேவையில்லை. ‘அ’வுக்குத் திறந்து, ‘ப்’புக்கு ஒட்டி, ‘பா’வுக்குத் திறக்கும் வாய். தொட்டிலிலிருந்தே அந்த வாயைப் பார்த்தவர்.

டைரக்ஷன் செய்த மாணவனைப் போனில் அழைத்தார்.

“மாஸ்டர்! பார்த்துட்டீங்களா? சொல்லாம விட்டது தப்புதான் மாஸ்டர். அவதான், எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாருன்னு…”

“கடைசி டேக். அதுக்கு முன்னால என்னடா நடந்துச்சு?”

“ஒண்ணும் இல்லையே. அவளுக்கு வேகமே வரல. வெயில் வேற போகுது. நாங்க எல்லாரும் கத்திட்டோம். கொஞ்சம் ஓவராவே. ஆமை, ஆமைன்னு… நீங்க அப்படித்தான் கூப்பிடுவீங்கன்னு அவளே சொல்லியிருக்கா. அழுதுக்கிட்டே போயி பின்சுவத்துக்கிட்ட நின்னா. திரும்பி வந்தா பாருங்க, ஒரே டேக். பின்னிட்டா மாஸ்டர்!”

“திரும்பி வந்தது யாரு?”

“மாஸ்டர்?”

“பின்னால நிக்கிறது யாருடா?”

“பின்னால யாரும் இல்லையே. நாங்க எல்லாரும் கேமராகிட்ட இருந்தோம்.”

“குடோனைத் திறக்கணும். உடனே.”

“அது எங்க மாமா குடோன், ஷூட்டிங் முடிஞ்ச அன்னிக்கே பூட்டிட்டாரே. சரக்கு வந்தாத்தான் திறப்பாரு. உள்ள என்ன மாஸ்டர் விட்டுட்டோம்?”

போனை அணைத்தார். சமையலறையில் சத்தம் நின்றிருந்தது.

நாற்காலியைத் திருப்பினார். அவள் வாசற்படியில் நின்றாள். ஈரக் கையைத் துடைத்தபடி. துடைக்கிற கை கண்ணுக்குத் தெரியவில்லை. துணி மட்டும் அதிர்ந்தது. மார்பு படபடவென்று ஏறி இறங்கியது.

“என் பொண்ணு எங்க?”

சொல்லி முடிப்பதற்குள் அவள் பக்கத்தில் நின்றாள். வாசற்படிக்கும் நாற்காலிக்கும் நடுவில் அவள் இருக்கவே இல்லை. தெருக்கதவு தாழ் விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் காதுக்கு வந்தது.

அவள் பேசினாள். ஊசி முனைபோல் மெலிந்த குரல். பேசி முடித்த பிறகுதான் என்ன பேசினாள் என்பது அவருக்குப் புரிந்தது.

“வந்துக்கிட்டுதான் இருக்காப்பா. மெதுவாத்தான வருவா.”

தோளில் கை வைத்தாள். தையல் மிஷின் ஓடுவதுபோல அதற்குள் நாடி அடித்தது. எழப் பார்த்தார். எழவிடவில்லை. கீழே விழுந்த பேனாவை அவள் எடுத்து, மதிப்பெண் தாளை நிரப்பி, பேனாவை மூடி, இரண்டையும் அவர் மடியில் வைத்தாள்.

“ஆச்சுப்பா. அம்மா வர்ற நேரம். சாப்பிட வாங்க.”

திரையில் ஒட்டிய உதடுகளோடு அந்த முகம் நின்றிருந்தது. அது ஒரு வாரத்துக்கு முந்தைய முகம். இந்நேரம், பூட்டிய குடோனில், வெளிச்சம் செத்த அந்தச் சுவரருகே, நீட்டிய கையில் தூசி படிந்திருக்க, மீதி எழுத்துக்காக அந்த உதடுகள் மெல்ல, மிக மெல்ல, பிரியத் தொடங்கியிருக்கும்.