துடிக்காத எலிகள்

"வீல்ல்ல்...!"

காலை நேரத்து ஆய்வகத்தில் அந்த அலறல்.

அலறியது மருந்தியல் துறையின் துணைத் தலைவர். அந்தத் தடித்த மீசைக்குள்ளிருந்து இப்படியொரு கீச்சுக்குரல் வருமென்று கூண்டு எலிகள்கூட எதிர்பார்க்கவில்லை!

தரையில் துறைத் தலைவர் கிடந்தார். நாக்கு கடிபட்டு, கோட்டுப் பொத்தான்கள் தெறித்து...

செத்திருந்தார்.

சுவரில் இருந்த பேனரிலோ அவரே சிரித்துக்கொண்டிருந்தார். 'வலிப்பை வென்ற மாமேதை!' வாசகம் எழுதியதும் அவரேதான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மேஜையில் இரண்டு காலி ஊசிகள். கூண்டருகே ஆய்வு மாணவி. பல் பிடுங்கிக்கொண்டவரின் கன்னம் போல மரத்துக் கிடந்தது அவள் முகம்.

"ரெண்டு ஊசி எதுக்கும்மா?"

"ஒண்ணு அவர் கண்டுபிடிச்ச மருந்து சார். இன்னொண்ணு வலிப்பு வரவைக்கிறது."

"ஒரே ஆளுக்கு ரெண்டுமா!"

"எலிக்கு அப்படித்தான் போடுவோம். முதல்ல மருந்து. அரை மணி கழிச்சு வலிப்பு ஊசி. எலி துடிக்கலைன்னா மருந்து ஜெயிச்சிடுச்சுன்னு அர்த்தம்."

"ஜெயிச்சுதா?"

துணைத் தலைவர் குறுக்கே பாய்ந்தார். "ஒரு எலிகூட துடிக்கல சார்! இன்னிக்கு முதல் நோயாளிக்கே குடுக்கறதா இருந்தோம். இது கொலை! எவனோ மருந்தை மாத்திட்டான்!"

வாய் அழுதது. உடம்பு, தலைவரின் சுழல் நாற்காலியில் அளவு பார்த்துக்கொண்டிருந்தது.

"சீல் உடைக்காத பாட்டில் இருக்கா?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

"அதை ஒரு எலிக்குப் போடுங்க. எலி பொழைச்சா, மாத்தினவனைப் பிடிச்சிடறேன்."

துணைத் தலைவரே போட்டார். காத்திருந்தார்கள். பிறகு வலிப்பு ஊசி...

எலியின் மீசை நடுங்கியது. தலை ஆடியது. சுருண்டு விழுந்தது!

"எலி சரியில்ல சார்! வேற எடுக்கறேன்!"

வேறு எலியும் விழுந்தது.

"இதுவும் சரியில்லையா?"

மாணவிதான் பேசினாள். கடிகாரம் மணி சொல்வது போல.

"எலிங்க சரிதான் சார். மருந்துதான் சரியில்ல. ஒருநாளும் வேலை செஞ்சதில்ல."

"அப்போ, துடிக்காத எலிங்க?"

"வலிப்பு ஊசிக்குப் பதிலா உப்புத் தண்ணி போட்டேன். எலி துடிச்சா தலைவர், 'எலியும் சரியில்ல, நீயும் சரியில்ல'ம்பார். ஆய்வேட்டைத் தூக்கி மூஞ்சியில வீசுவார். துடிக்காத எலியைக் காட்டினேன்... சிரிச்சார்."

"அப்புறம்?"

"முதல் நோயாளியா என் தம்பியையே பிடிச்சுட்டார். அவனுக்குச் சின்ன வயசுலேருந்து வலிப்பு. பழைய மாத்திரையை நேத்தே நிறுத்தச் சொல்லிட்டார். எங்கம்மாவுக்கு அவர் தெய்வம். நான் சொன்னா எடுபடாது. அதான் காலையில வந்து அவர்கிட்டயே எல்லாத்தையும் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'என் புகழ் உனக்குப் பொறுக்கல'ன்னார். நிரூபிக்கறேன்னு ரெண்டு ஊசியையும் தனக்கே போட்டுக்கிட்டார்."

"துடிச்சப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"வலிப்பை நிறுத்த வேற மருந்து இல்லையா?"

"இருந்துச்சு. கை எட்டற தூரத்துல."

"பின்ன ஏன் போடல!"

"நடுவுல தொடக்கூடாது சார். முடியற வரைக்கும் பார்த்து மார்க் போடணும். மீசை துடிச்சா ஒண்ணு. தலை ஆடினா ரெண்டு. முன்னங்கால் உதறினா மூணு. எழுந்து நின்னா நாலு. விழுந்தா அஞ்சு. அவர்தான் கத்துக்குடுத்தார்."

இன்ஸ்பெக்டர் தரையில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"அஞ்சு. முழு மார்க்."

கைவிலங்கு வெளியே வந்தது. அவள் கையை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள்.

"தம்பி வராந்தாவுல உட்கார்ந்திருக்கான். பழைய மாத்திரை என் பையில இருக்கு. குடுத்துட்டு வந்துடறேன் சார்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அவள் வராந்தாவுக்குப் போனாள்.

"இந்தாடா, முழுங்கு."

"புது மருந்து எங்கக்கா?"

"அது வேண்டாம்டா."

அவன் தண்ணீர் குடித்தான். மாத்திரை இறங்கும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தானாகவே திரும்பி வந்து கையை நீட்டினாள்.

துணைத் தலைவர் கனைத்தார்.

"இன்ஸ்பெக்டர்... யோசிச்சுப் பாருங்க. மனுஷன் மேல நடந்த முதல் சோதனை! ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டா உலகமே பேசும். ஆனா இதுல என் பேர்தான் முதல்ல வரணும்!"

"அந்த எலி சோதனையில உங்களுக்கும் பங்கு உண்டா சார்?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! ஒவ்வொரு எலியையும் பக்கத்துல நின்னு பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டதே நான்தான்!"

"பார்த்தீங்களா?"

"அதுக்கெல்லாம் நேரம் ஏது?"

இன்ஸ்பெக்டர் இன்னொரு கைவிலங்கை எடுத்தார்.

"கவலையே படாதீங்க சார்... கேஸ்ல உங்க பேரையே முதல்ல போட்டுடறேன்!"